எண்டர் தட்டுமுன்

பளார் என்று சத்தம் கேட்டு வகுப்பே திரும்பிப் பார்த்தது.

தமிழ்மாறன் சார் கனகாவின் வலது கையில் ஓங்கி ஓர் அடி போட்டிருந்தார். அடித்த வேகத்திலேயே அவளுடைய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினார்.

கனகாவுக்கு வலி தெரியவில்லை. விக்கித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கட்டினவன்கூட அவள்மேல் கை வைத்ததில்லை.

"அந்த வரிய ஒரு தடவ படிச்சுப் பாருங்கம்மா" என்றார் சார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த ரோகிணி எழுந்துவிட்டாள். "என்ன சார், பொம்பளப் பிள்ள மேல கை நீட்டுறீங்க? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"

திருநகரில் பெண்களுக்காக நடக்கும் லினக்ஸ் வகுப்பு அது. மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே கம்ப்யூட்டரை வேலை வாங்கச் சொல்லிக் கொடுப்பார்கள். கனகா பரவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். முதல் நாள் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து எழுந்து போகப் பார்த்தவளை, கையைப் பிடித்து உட்கார வைத்தவள் ரோகிணிதான். அன்றிலிருந்து சாப்பாடுகூட இருவருக்கும் ஒரே டப்பாவில்தான்.

இன்று மூன்று மணிக்கு ஒரு கம்பெனியிலிருந்து வருகிறார்கள். ஒரு மாதமாகச் செய்த பயிற்சி வேலையை அவரவர் லேப்டாப்பிலேயே பார்த்து, ஒரே ஒருத்தியை வேலைக்கு எடுப்பார்கள். இந்த நேரத்தில் இப்படி ஓர் அடி.

விஷயம் சாதிகா மேடத்திடம் போனது. நிலையத்தின் பொறுப்பு அவர்தான்.

"ஏன் அடிச்சீங்க தமிழ்மாறன்?"

"அவசரத்துல கை பட்டுருச்சு மேடம். தப்புதான்."

"அம்புட்டுதானா? வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?"

"இல்ல மேடம்."

புகாரை ரோகிணியே எழுதினாள். முதல் கையெழுத்தையும் அவளே போட்டாள். "போடுடி, எதுக்குப் பயப்படுற?" என்று பேனாவை நீட்டினாள். கனகா அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

"நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் மேடம்.

சார் தலையை மட்டும் ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

கனகா இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சார் ஓடவிடாமல் நிறுத்திய அந்த வரி திரையில் அப்படியே நின்றது.

rm -rf ~

காலையில் ரோகிணி வாட்ஸப்பில் அனுப்பியது. 'இதத் தட்டுனா லேப்டாப் வேகமா ஓடும். கம்பெனிக்காரங்க முன்னால திக்காது' என்று சொல்லியிருந்தாள். எண்டரைத் தட்டப் போன விரலில்தான் அடி விழுந்தது.

எந்தக் கட்டளைக்கும் விளக்கம் பார்க்க சார் சொல்லிக் கொடுத்திருந்தார். பார்த்தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது.

rm என்றால் அழி. அந்தப் பாடத்தை மட்டும் சார் கடைசிக்கென்று தள்ளி வைத்திருந்தார். r போட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் சேர்த்து அழி. f போட்டால் ஒரு வார்த்தை கேட்காமல் அழி. கடைசியில் இருந்த வளைந்த கோடு மட்டும் அவளுக்கு முன்பே தெரியும். அவளுடைய வேலை மொத்தமும் இருக்கிற இடம் அது.

எண்டரைத் தட்டியிருந்தால் ஒரு மாத உழைப்பில் ஓர் எழுத்து மிஞ்சியிருக்காது.

"ஏய் ரோகிணி, இது என்னன்னு பாருடி."

பார்த்த ரோகிணிக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ, எனக்கென்னடி தெரியும்? இன்டர்நெட்ல கெடந்துச்சு, நல்லதுன்னு நெனச்சு அனுப்புனேன்." கண்ணில் நீர் கோத்தது. "உனக்குக் கெடுதல் நெனப்பேனாடி நான்?"

"அழுகாதடி. உனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் போயி சாரைக் கூட்டிட்டு வாரேன். நீ இதப் பார்த்துக்க."

திருமங்கலம் ரோட்டில், பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார் சார். கனகா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"படிச்சுப் பார்த்தேன் சார். மன்னிச்சிருங்க."

"கை வலிக்குதாம்மா?"

"அத விடுங்க சார். மேடம் ரெண்டு தடவ கேட்டாங்களே, ஏன் சார் சொல்லல?"

"சொன்னா, அத உங்களுக்கு யாரு குடுத்ததுன்னு அடுத்த கேள்வி வரும். ஒரு பொண்ணோட பொழப்பு போயிரும். எனக்கு வேற எடம் கெடைக்கும்மா."

"நீங்க வாங்க சார். நானே மேடம்கிட்ட பேசுறேன். ரோகிணியும் பாவம், தெரியாமத்தான் அனுப்பிட்டா. அங்க உக்காந்து அழுதுகிட்டு இருக்கா."

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்த சார், திரும்பிப் பார்த்தார்.

"லேப்டாப் எங்கம்மா?"

"ரோகிணிகிட்டதான் சார். பார்த்துக்கச் சொல்லிட்டு வந்தேன்."

படியில் வைத்த கால் இறங்கியது. சார் முகம் வெளுத்துவிட்டது.

"ஓடுங்கம்மா, மொதல்ல போயி அத வாங்குங்க" என்றபடி அவரும் பின்னாலேயே ஓடி வந்தார். "நேத்து சாயங்காலம் எல்லாரும் போனப்புறம், அந்த ஒரு வரி என்ன செய்யும்னு என்கிட்ட ரெண்டு தடவ கேட்டுத் தெளிவா எழுதிக்கிட்டுப் போனதே அவங்கதாம்மா."