பேசத் தெரியாமலே வா

கணவர் இறந்த மூன்றாம் நாள், ஓசூரிலிருக்கும் சித்தி மகன் பிரசன்னா சுவர்த்திரையில் வந்து சௌமியாவிடம் துக்கம் விசாரித்தான். தடங்கலில்லாமல் பேசினான். அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுதான். கடைசியில், "சரிக்கா, போயிட்டு வரேன்" என்றான்.

சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கிளம்புவதில்லை. வந்தது தம்பி இல்லை, அவனைப் போலவே பேசும் பதிலி இயந்திரம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் வீட்டுப் பதிலியும் வாயைத் திறந்தது. "நீங்க போய்ப் படுங்க. இனிமே வர்றவங்ககிட்ட உங்க குரல்ல நானே அழுதுக்கறேன்."

சௌமியா அதன் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு நேராகத் தம்பிக்கே போன் செய்தாள்.

"என் புருஷனுக்கு நான்தான்டா அழுவேன். வர மனசில்லைன்னா வராத. மெஷினை அனுப்பாத."

"அங்க வந்து என்ன பேசறதுன்னு தெரியலக்கா. அதான்."

"பேசத் தெரியாமலே வா."

மறுநாள் வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனான்.