பதினோரு பதிவுகள்

திங்கட்கிழமை டீ இடைவேளையில் மொபைலைத் திறந்த எழிலரசிக்குப் பகீரென்றது. அவள் பிளாக்கில் பதினோரு பதிவுகளைக் காணவில்லை!

ஆறு வருஷமாகப் புனைபெயரில் எழுதுகிறாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்தால் பிளாக்தான். மீன் குழம்பு, மாடித்தோட்டம், பார்த்த படம், மகளின் கணக்குப் பாடம், கம்பெனியில் பசை ஒட்டும் பெண்கள் மாஸ்க்கூட இல்லாமல் மயங்கி விழுவது... எல்லாம் ஒரே குவியல்.

"இன்னாக்கா இது? ரசத்துக்குக் கீழ சினிமா, சினிமாவுக்குக் கீழ பசை நாத்தம்! படிக்கிறவங்க பேஜாராயிட மாட்டாங்களா? பாஸ்வேர்டைக் குடு, நான் பிரிச்சு அடுக்கித் தர்றேன்."

நேற்று இப்படிச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டாள் ஹஃப்ஸா. அதே கம்பெனி ஆபீசில் டைப்பிங் வேலை. எட்டு வருஷப் பழக்கம்.

சமையல், தோட்டம், சினிமா, படிப்பு. அழகாகத்தான் அடுக்கியிருந்தாள். கம்பெனியைப் பற்றி எழுதியது மட்டும் ஒன்றுகூட இல்லை.

காணாமல் போன பதிவின் ஒரு வரியைக் கூகுளில் போட்டுத் தேடினாள். புதிதாக ஒரு பிளாக் வந்து நின்றது. அதே பதிவுகள், அதே பழைய தேதிகள், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எழுதியவர்: ஹஃப்ஸா.

உடனே அவளுக்குப் போன் போட்டாள்.

"எடுத்தது நீயா?"

"ஆமாக்கா." பஸ் ஹாரன் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"என் எழுத்துடி அது! ஒவ்வொரு பொண்ணையும் உக்கார வெச்சுக் கேட்டுக் கேட்டு எழுதினது!"

"தெரியும்க்கா. கொஞ்ச நாளைக்கு யார்கிட்டயும் வாயைத் திறக்காத. அப்புறம் சொல்றேன்."

"திருடிட்டு எனக்கே புத்தி சொல்றியா? இன்னியோட நீ யாரோ, நான் யாரோ!"

போனை வைத்த கையோடு, மேனேஜர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

"உக்காருங்க எழிலரசி. போன வாரம் உங்க மேல ஒரு புகார். யாரோ சில பதிவுகளைப் பிரின்ட் எடுத்து, கம்பெனியை நாறடிக்கிறது நீங்கதான்னு அனுப்பியிருந்தாங்க. உங்களை வேலையிலேர்ந்து எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சனிக்கிழமையே லெட்டர் டைப் பண்ணியாச்சு."

எழிலரசி மேஜையில் இருந்த லெட்டரில் தன் பெயரைப் பார்த்தாள்.

"பாருங்க, டைப் பண்ண அந்த ஹஃப்ஸாவே காலையில வந்து, 'எழுதினது நான்தான் சார்'னு தன் பிளாக்கைத் திறந்து காட்டிட்டா. மனசாட்சி உறுத்தியிருக்கும். உடனே கணக்கு முடிச்சு அனுப்பிட்டோம். உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு ஸாரிம்மா."

எழிலரசி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"ஸாரி வேணாம் சார். அந்த லெட்டர்ல இருக்கிற பேரு சரிதான்."