நாலு அங்குலம்

ஜாக்கி தளரத் தளர, வான் வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது.

ஆண்டியப்பன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அளவுகோலைப் பிடித்திருந்தார். ஜெயரூபினி அளவுகோலைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வானுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அவளுடைய தகப்பன் அதில் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றினார். கழுவிக் கழுவி மணம் போன பிறகு, உடையார்கட்டுப் பக்கத்து ஆறு பேரை அவள் அதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தாள். செவ்வாயும் வெள்ளியும். ஆறு பேருக்கும் சிறுநீரகம் பழுது. இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்திகரிக்காவிட்டால் நாட்களை எண்ண வேண்டியதுதான்.

போன மாரியில் குளம் நிரம்பி வழிந்து, ஆஸ்பத்திரி வழிப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போனது. உழவு இயந்திரங்கள் கடந்தன. வான் கடக்கவில்லை.

ஐந்து நாள். ஆறு பேரில் ஒருவரான மத்தேயு அண்ணைக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அவரை அக்கரை சேர்த்தபோது நேரம் பிந்திவிட்டது.

அடுத்த மாரிக்கு முன்னர் வானை நாலு அங்குலம் உயர்த்துவதென்று அவள் தீர்மானித்தது அந்தச் செத்தவீட்டில்தான்.

முதலில் போன கராஜில், அச்சுக்கும் பாரம் தாங்கும் வில்லுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தால் போதும், ஒரு மணித்தியால வேலை என்றார்கள். இரும்புப் பட்டறை ஆண்டியப்பன் மட்டும்தான், உள்ளே ஏறுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டார்.

அவள் சொன்னாள். திரும்பி வரும்போது அவர்களுக்குத் தலை சுற்றும், சத்தி வரும். ஒவ்வொரு குழிக்கும் கண்ணை இறுக்கி மூடுவார்கள்.

"அப்ப கட்டையும் சரிவராது, தடிச்ச பிளேட்டும் சரிவராது," என்றார். "உயரவும் வேணும், தூக்கி அடிக்கவும் கூடாது."

பழைய லொறி வில்லுகளைக் குவித்துப்போட்டு, அவற்றில் மெல்லிய தகடுகளை மட்டும் பொறுக்கினார். இரண்டு நாள் உலை எரிந்தது. சிவந்த தகட்டை அவர் வலது கையால் குறட்டில் பிடிக்க, பெரிய சுத்தியலை ஓங்கி அடித்து வளைத்தது அவருடைய மனைவி வீரம்மா. அவர்களுடைய வழக்கம் அதுவாக்கும் என்று ஜெயரூபினி நினைத்துக்கொண்டாள்.

நேற்றுப் பின்னேரம் முதல் தடவை பூட்டினார்கள். ஆண்டியப்பன் பின் இருக்கையில் போய் இருந்து, குளக்கட்டு வீதியால் ஓட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வந்தார். திரும்பி வந்ததும், இன்னும் தூக்கி அடிக்குது என்று எல்லாவற்றையும் கழற்றி, மறுபடியும் உலையில் வைத்தார்.

இப்போது ஆறு பேரின் இடங்களிலும் ஆறு மண்மூட்டைகள். நெல் ஆலையில் இரவல் வாங்கிய தராசில், ஒவ்வொருவரின் நிறைக்கும் நிறுத்துக் கட்டியவை. கடைசி இருக்கையில் பிரேமினி ரீச்சர், நாற்பத்தாறு கிலோ. கதவோரம், மத்தேயு அண்ணையின் இடத்துக்குப் புதிதாக வந்த மூக்கன் ஐயா, அறுபத்திரண்டு.

சில்லு தரையில் பதிந்தது. வில் ஒருமுறை முனகிவிட்டு அமைதியானது.

அவளும் குனிந்து பார்த்தாள். அவ்வளவு பாரத்தோடும், பழைய உயரத்தின் அடையாளத்துக்கு மேலே சரியாக நாலு அங்குலம்.

அவள் சிரித்துவிட்டாள்.

ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. "திரும்ப ஜாக்கியை ஏத்துங்கோ தங்கச்சி. ரெண்டு பக்கமும் இன்னும் ஒவ்வொரு பிளேட் போடோணும்."

கடற்பக்கம் முகில் கறுத்துக்கொண்டு வந்தது. விடிந்தால் செவ்வாய்.

"ஏன் அண்ணை? ஆறு பேருக்கு இது காணும்தானே?"

"ஏழு பேருக்குக் காணாது."

"ஏழாவது ஆர்?"

அவர் இடது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கை வரை சுருட்டினார்.

மணிக்கட்டுக்கு மேலே தையல் பிரித்த தழும்பு. அதையொட்டிப் புடைத்து நின்றது நரம்பு.

அந்தத் தழும்பை அவள் தன் ஆறு பேரின் கைகளிலும் பார்த்திருக்கிறாள். இயந்திரத்தின் ஊசி ஏற வைத்தியர்கள் செய்துவிடுகிற வழி அது. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, ஓங்கி அடிக்கக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

வீரம்மா சுத்தியலைச் சுவரோடு சாய்த்தாள். "வாற கிழமை தொடங்குது. உங்களிட்டைச் சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு நிண்டவர்."

ஜெயரூபினி மண் கும்பியடிக்குப் போய் வெறும் சாக்கொன்றை விரித்தாள்.

"எத்தினை கிலோ அண்ணை நீங்கள்?"

"இப்ப அம்பத்தெட்டு," என்றார். "போன வருசம் எழுபது."

சாக்கைத் தராசில் வைத்து அள்ளிப் போட்டாள். முள் ஐம்பத்தெட்டைத் தாண்டிய பிறகும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுபதில்தான் சாக்கின் வாயைக் கட்டினாள்.