தாளம் தப்பாத சத்தம்

"அந்தப் பொம்பளை வேணும்னே பண்றா!"

காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டில் மேல் எறிந்தான் கிடார்காரன்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரைச் சொல்றீங்க?"

"மேல் வீட்டு டைலரம்மாவைத்தான். எட்டு தடவை வாசிச்சாச்சு. எட்டு தடவையும் பதிவுல கடகடன்னு மிஷின் சத்தம். நடுவுல தொம், தொம்னு மிதிக்கிற சத்தம் வேற. மிஷினை மிதிக்கிறாளா, என் நெஞ்சுல மிதிக்கிறாளா?"

ஒரு குறும்படத்துக்கு இரண்டு நிமிட கிடார் இசை கேட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால் திரையில் அவன் பெயர் வரும். தவறினால் வேறொருவன் பெயர் வரும். ஏழு வருடமாக மேடைகளில் பாடகர்களின் முதுகைப் பார்த்தே வாசித்தவனுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. டெலிவரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஸ்டூடியோவுக்குக் கொடுக்கக் காசு ஏது? படுக்கையறைதான் ஸ்டூடியோ. பழைய கம்ப்யூட்டர், நாலு கை மாறி வந்த ஸ்பீக்கர் பெட்டி, அதன் எதிரே இரவல் மைக். ஸ்டாண்டு கிடையாது. தரை துடைக்கும் மாப்புக் கம்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, அதில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தான். ட்யூப்லைட் எரிந்தால் கிடார் உறுமுகிறது என்று அணைத்தாயிற்று. ஃபேன் இல்லை. ஃப்ரிட்ஜையும் நிறுத்தியதில் பால் திரிந்துபோனது.

மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, அந்த தொம் தொம் எனக்கென்னவோ மேல இருந்து..."

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு!"

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

டைலரம்மா தனி ஆள். கால் மிஷின் முன்னால் மடி நிறைய வெள்ளைத் துணியோடு இருந்தாள்.

"ஏம்மா, கீழே மனுஷங்க இருக்காங்கன்னு நினைப்பு இருக்கா இல்லையா?"

"என்ன தம்பி ஆச்சு?"

"ரெக்கார்டிங் பண்றேன். தொம் தொம்னு நீங்க மிதிக்கிற சத்தம் அத்தனையும் அதுல விழுது!"

"அந்தச் சத்தமா தம்பி? அது வந்து..."

"வந்தும் வேண்டாம், போயும் வேண்டாம்! ஆறு மணி வரைக்கும் மிஷின் ஓடக் கூடாது."

"நாளைக்குக் காலையில பள்ளிக்கூடச் சட்டை நாற்பது குடுக்கணுமே."

"சட்டை நாளைக்கு இல்லேன்னா நாளன்னைக்கு. எனக்கு இன்னைக்கு விட்டா வாழ்க்கையே போச்சு!"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "சரி தம்பி. மிஷினைத் தொடல. போய் நல்லா வாசிங்க."

கீழே வந்தான். கதவைச் சாத்தினான். மெத்தையை எடுத்துக் கதவில் சாய்த்தான். ஹெட்போனை மாட்டித் தாளத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடி வாசித்தான். நன்றாகவே வந்தது. திரும்பத் திரும்ப வாசித்து, இருப்பதிலேயே நல்லதைப் போட்டுக் கேட்டான்.

கடகட சத்தம் போயிருந்தது. தொம், தொம் போகவில்லை.

அதுவும் எப்படி? ஒவ்வொரு தாளத்துக்கும் சரியாக ஒன்று.

"கொழுப்பைப் பாரு! இப்போ என் தாளத்துக்கே மிதிக்கிறா. ஒரு அடி தப்பல. என்னையே கிண்டல் பண்றா!"

"நான் சொல்ல வர்றதைக் கொஞ்சம்..."

"வழியை விடு!"

மணி ஐந்தே கால். இந்த முறை கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே நுழைந்தான்.

மிஷினில் பெல்ட் இல்லை. கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. டைலரம்மா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, ஒரு சட்டைக் காலரைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்த சட்டைகள் மூன்று. மறு பக்கம் ஒரு குவியல்.

"மிஷின்... ஓடலையா?"

"நீங்க போனதுமே பெல்ட்டைக் கழட்டிட்டேன் தம்பி. முன்னால உட்கார்ந்தா கால் தானா மிதிச்சிரும். பழக்கம் இல்லையா? நமக்கே தெரியாது."

"கதை விடாதீங்க! தொம் தொம்னு இன்னும் விழுதே, அது எங்கே இருந்து வருதாம்? சொல்லுங்க!"

அவள் நூலைப் பல்லில் கடித்தபடி அவனுடைய வலது காலைப் பார்த்தாள்.

அவனும் குனிந்து பார்த்தான்.

பதில் வராத ஆத்திரத்தில் அந்தக் கால் தன் பாட்டுக்கு அவள் வீட்டுத் தரையை அடித்துக்கொண்டிருந்தது. தொம். தொம். மத்தியானத்திலிருந்து அவன் வாசிக்கும் அதே தாளம்.

கால் நின்றது. சத்தமும் நின்றது.

"மத்தியானமே சொல்லியிருக்கலாமேம்மா!" என்றான். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. யார் மேல் என்பதுதான் மாறியிருந்தது.

"சொல்ல வந்தேனே தம்பி. எனக்குக் கீழே இருந்துதானே கேட்டுச்சு."

எத்தனை பேர் சொல்ல வந்தார்கள் என்று அவனுக்கு நினைவு வந்தது. குவியலாகக் கிடந்த சட்டைகளின் பக்கம் கையைக் காட்டினான்.

"சத்தம் என்னோடதுன்னு தெரிஞ்சும் எதுக்குப் பெல்ட்டைக் கழட்டினீங்க?"

அவள் வெட்டுத் துணி மூட்டை ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள். "இதைக் காலுக்கு அடியில போட்டுக்கிட்டு வாசிங்க. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு." பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"உங்க காலை நிறுத்த என்னால முடியல. என் காலை நிறுத்தலாம்ல? ரெண்டுல ஒரு சத்தமாவது குறையட்டுமேன்னுதான் தம்பி."