பொன்னோடு கோத்த இரும்பு

“வாயைத் திறந்து அதை மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை. தாலி ஏறட்டும். பிறகு ஆறுதலாய்ச் சொல்லலாம்.”

மியூசியத்து வாசற்படியில் நின்று மகளின் காதுக்குள் சொன்னாள் பேபி.

 ஜூலை வெயிலிலும் பிரதீபா தன் கழுத்தைச் சுற்றியிருந்த பட்டுச் சால்வையை இன்னொரு தரம் இழுத்துச் சரிசெய்தாள். அம்மா சொன்ன அந்த விஷயத்தை மறைக்காமல் சொன்னதால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. இந்த முறை சாதகம் பொருந்தி, தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தது.

“அம்மா, அவர் உண்மையாய் வான்கூவரிலையிருந்து பஸ்ஸிலையோ வந்தவர்?”

“ஓமடி, மூண்டு நாளாம்! பேர்தான் எஞ்சினியர், பிளேன் காசை மிச்சம் பிடிக்கிறான். கஞ்சனாய் இருந்தாலும் பரவாயில்லை, சீதனம் கேக்கேல்லை. நீ கதையைக் குழப்பாதை.”

பக்கத்து ஊரான அஜக்ஸில் மூத்த மகனோடு இருக்கும் தன் தாயைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை கீதன் வந்தான். கையில் பெரிய சொக்கலேற் பெட்டி. கஞ்சன் வாங்குகிற பெட்டியாக அது தெரியவில்லை. தாய்மார் இருவரும் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள்.

“நீர் வேலை செய்யிற இடத்திலை சந்திச்சது நல்லது. கோயிலிலை எண்டால் பூசையை விட்டிட்டு எல்லாரும் எங்களைத்தான் பாப்பினம்” என்றான்.

பிரதீபாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. முன்பு வந்த இரண்டு பேரும் போனபோது அவளுக்கு வலிக்கவில்லை. இவன் போனால் வலிக்கும்.

இங்கே நுழைவுச் சீட்டு விற்பவள் அவள். மதிய இடைவேளையில் தவறாமல் போய் நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவனைக் கூட்டிச் சென்றாள்.

“உது என்ன, துருப்பிடிச்ச குழாய்த் துண்டுகள் மாதிரிக் கிடக்கு?”

“இரும்பு மணி. எகிப்திலை ஐயாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்த ஒராளின்ரை கழுத்திலை கிடந்தது. இது நகல். அசல் இங்கிலாந்திலை.”

“தங்க மணியோடை சேத்தெல்லே கோத்திருக்கினம்! எங்கடை அம்மா கண்டால், இரும்பு சனீஸ்வரன்ரை சாமான் எண்டு தூக்கி எறிஞ்சிடுவா.”

“அந்தக் காலத்திலை மண்ணிலையிருந்து இரும்பு எடுக்க அவைக்குத் தெரியாது. வானத்திலையிருந்து விழுந்த எரிகல்லைத் தட்டித்தான் மணி செய்தவை. அதுதான் தங்கத்துக்குப் பக்கத்திலை வைச்சு, கழுத்திலை போட்டு அழகு பாத்திருக்கினம்.”

 அம்மாவின் குரல் அவள் காதுக்குள் நின்றது. பிரதீபா சால்வையை மெல்ல அவிழ்த்தாள். காதுக்குக் கீழே ஒரு தழும்பு.

“என்ரை கழுத்துக்குள்ளையும் ஒண்டு கிடக்கு. அதுவும் வானத்திலையிருந்து விழுந்ததுதான். சண்டைக்குள்ளை விழுந்த ஷெல் குண்டின்ரை துண்டு. எடுத்தால் நரம்பு பழுதாகும் எண்டு டொக்டர்மார் விட்டிட்டினம். இதைச் சொன்னதாலை ரெண்டு பேர் போயிட்டினம். நீங்களும் போறதெண்டால் இப்பவே போங்கோ. பொன்னுருக்கின பிறகு வேண்டாம்.”

கீதன் தழும்பைப் பார்த்தான். மணிகளைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தவேயில்லை.

பிரதீபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சிரிக்க இதிலை என்ன கிடக்கு?”

“கோவியாதையும். ‘தாலி ஏறட்டும், பிறகு ஆறுதலாய்ச் சொல்லலாம்’ எண்டு காரிலை வரேக்கையும் அம்மா சொன்னவ. அதை நினைச்சன், சிரிப்பு வந்திட்டுது.”

“ஆர், என்ரை அம்மாவோ?”

“இல்லை, என்ரை அம்மா!” கீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “மூண்டு நாள் பஸ்ஸிலை வந்தது காசை மிச்சம் பிடிக்க எண்டோ நினைச்சனீர்? என்ரை முதுகுக்குள்ளை ரெண்டு துண்டு கிடக்கு. எயாப்போட்டிலை இரும்பு சோதிக்கிற வாசல் என்னைக் கண்டாலே கத்துது!”