முதல் சிரிப்பு

"முதல்ல சிரிச்சது நீதானே?"

கேசியா கேட்டபோது தரணி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஒரு வாய்கூட வைக்காமல் மூடிவிட்டாள்.

செய்வதையும் செய்துவிட்டு ரோஷம் வேறா? கேசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருப்பதியில், அலிபிரி பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் இருவருக்கும் வேலை. திருமலைக்கு வருகிறவர்களுக்கு போனிலேயே கார் புக் செய்து தரவேண்டும். பேச்செல்லாம் ரெக்கார்டாகும்.

புத்தலப்பட்டுத் தமிழ் வீட்டுப் பெண் கேசியா, கஸ்டமரிடம் தெலுங்கில் 'சொல்லுங்க' என்று கேட்கும்போது, தமிழும் கலந்து "அப்புறம் செப்பண்டி" என்றுவிட்டாள். டீம் லீடர் ஹேமநாத் அதை மட்டும் வெட்டி, 'இன்றைய காமெடி' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். வேலையை பர்மனென்ட் ஆக்குவது அவன் கையில். யார் தட்டிக் கேட்பார்கள்?

முதலில் வந்தது தரணியின் சிரிப்பு பொம்மை. பிறகு வரிசையாக எல்லோரும்.

"நீயும் நகரி ஊர்த் தமிழ்ப் பொண்ணுதானே? ஒரே ரூம்ல தூங்கிக்கினு, எப்படிடி மனசு வந்துச்சி?"

தரணி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

அதன்பிறகு எதிரே வருகிறவர்களெல்லாம் 'அப்புறம்' என்றுதான் கூப்பிட்டார்கள். கேசியாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அடுத்த வாரம் குரூப்பில் புது காமெடி ரெக்கார்டிங் வந்தது. சாந்திபுரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஸ்ரீஹரி, யாரோ போனில் திட்டியதற்கு, "சாரி சார், சாரி சார்" என்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

பாவம் என்று நினைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ஹேமநாத்தின் குரல்.

"என்ன கேசியா, சிரிப்பு வரலையா?" தெலுங்கில் கேட்டான். "உன் பர்மனென்ட் பேப்பர் இன்னிக்குத்தான் மேல போவுது."

படுக்கையில் கிடக்கும் நைனாவின் மருந்துச் செலவு ஞாபகம் வந்தது. முதல் ஆளாக, சிரிப்பு பொம்மையைக் கட்டைவிரல் அழுத்திவிட்டது.

மூலை சீட்டில் ஸ்ரீஹரி போனைப் பார்த்துவிட்டு, அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சோறு இறங்கவில்லை. மூடிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் தரணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"துன்ன முடியல, இல்ல?"

கேசியா தலை குனிந்தாள்.

"அன்னிக்கு அந்த ஹேமநாத் என் சீட்டுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தான்டி" என்றாள் தரணி.