ஆத்தா கண்

"ஏட்டய்யா, ஆத்மநாதன் பேசுறேன். படித்துறைக்குக் கீழ ஒருத்தன் மணல் அள்ளிக்கிட்டு இருக்கான். ஒடனே வாங்க."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆத்மநாதன் மேல்படியில் நின்றார். கிழக்கே அப்போதுதான் வெளுத்திருந்தது. கீழே வறண்டு கிடந்த வெள்ளாற்றில் பெரியண்ணன் மண்வெட்டியோடு குனிந்திருந்தார். பக்கத்தில் சைக்கிள். கேரியரில் மணல் மூட்டை.

பெரியண்ணன் என்பது பெயர்; ஆற்றோரம் வெள்ளரிக்கொடி போட்டுப் பிழைக்கிற ஆள். இத்தனை வருஷம் யோக்கியன் என்றுதான் ஆத்மநாதன் நினைத்திருந்தார்.

"ஏய், பெரியண்ணா! ஆடிப் பதினெட்டும் அதுவுமா ஆத்துல கை வைக்கிறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

பெரியண்ணன் நிமிர்ந்தார். "செத்த பொறுங்க சார். முடிஞ்சிரும்."

"முடிஞ்சிருமா? நீ மூட்டை கட்டி முடிக்கிற வரைக்கும் நான் காவல் நிக்கணுமாக்கும்!"

பெரியண்ணன் மறுபடி குனிந்து வெட்டினார்.

ஆத்மநாதன் அந்த ஊர் மரபுக் காப்புக் குழுவின் தலைவர். படித்துறையில் மண்டிக் கிடந்த முள்ளை வெட்டி, பலகை எழுதி வைத்தவர் அவர்தான். 'தொன்றுதொட்டு, எவ்வளவு வறட்சியிலும் ஆடிப் பதினெட்டு அன்று இவ்விடத்தில் ஊற்று தானே திறக்கிறது. இதற்கு ஆத்தா கண் என்று பெயர்.' புதிதாகக் கல்யாணமானவர்கள் அந்தத் தண்ணீரில் மணமாலையை விடுவது ஊர் வழக்கம்.

"நானே சாட்சி" என்பார், பார்க்க வருகிறவர்களிடம். "எங்க கல்யாண வருசம் கெணறெல்லாம் வத்திப் போச்சு. நானும் சீதையும் மாலையோட வந்து நின்னா, கண்ணாடி கணக்கா தண்ணி!"

சீதை இப்போது இல்லை. மகள் மாலையையும் இங்கேதான் விடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனவள். இன்று மகள் சுபாவின் முறை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் விடியலிலேயே வந்தார்.

ஜீப் வந்தது.

"எதுக்குய்யா அள்ளுன?" என்றார் ஏட்டு.

"சும்மாங்க."

"சும்மா எவன்யா மூட்டை கட்டுவான்? ஏறு."

"அரை மணி நேரம் விட்டீங்கன்னா நானே ஸ்டேஷனுக்கு வந்துருவேங்க."

"பாத்தீங்களா தைரியத்த?" என்றார் ஆத்மநாதன்.

வெயில் ஏறியதும் சுபாவும் மருமகன் வசந்தகுமாரும் தாம்பாளத்தில் மாலையோடு வந்தார்கள். பின்னால் பாதி ஊர்.

தண்ணீர் இல்லை. வெறும் மணல்.

"எந்த வருசமும் இப்படி ஆனதில்லையே" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "இந்தப் பொண்ணுக்குன்னு பாத்தா ஆத்தா கண்ண மூடிக்கிருவா?"

சுபாவின் முகம் சுண்டிப்போனது. "அப்பா, அம்மாவுக்குத் தெறந்துச்சேப்பா..."

"மாமா, கார்ல வாட்டர் கேன் இருக்கு. ஊத்திருவோமா?" என்றார் மருமகன். யாரோ சிரித்தார்கள்.

ஆத்மநாதன் மணலில் இறங்கி நடந்தார். பலகையில் அவரே அம்புக்குறி போட்டுக் காட்டிய இடத்தில் ஒரு குழி பாதி வெட்டிக் கிடந்தது. அடிமணல் கறுத்து, ஈரம் கசிந்திருந்தது. வெட்டிய மண் பக்கத்தில் இல்லை. ஒரு புறம் கால்தடம்கூட இல்லாமல் பெருக்கி விட்டிருந்தது. ஓரத்தில் ஒரு தென்னந்துடைப்பம்.

காலையில் பெரியண்ணன் குனிந்திருந்த இடம் அதுதான். பிறகு மேலே ஏறி வந்தார்.

"உச்சிக்குள்ள ஆத்தா தெறந்துருவா. எல்லாரும் அங்கிட்டு மாரியம்மன் கோயில்ல போயி இருங்க. நான் வந்து கூப்புடுறேன்."

ஸ்டேஷனில் பெஞ்சு ஓரத்தில் பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"மணல மூட்டை கட்டி எங்க கொண்டு போவீங்க?" என்றார் ஆத்மநாதன். காலையில் 'நீ' என்று கூப்பிட்ட வாய்.

"முள்ளுக்காட்டுல கொட்டிருவேங்க. பக்கத்துல குமிச்சா வெட்டுனதுன்னு தெரிஞ்சு போகுமுல்ல."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். பொறவு எந்தப் பொண்ணு நம்பி மாலைய விடும்?"

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெரியண்ணனைத் தன் வண்டியிலேயே ஏற்றி வந்தார். பெரியண்ணன் வெட்டினார். ஆத்மநாதன் மூட்டையைச் சுமந்து போய் முள்ளுக்காட்டில் கொட்டினார். தண்ணீர் மெல்லச் சுரந்து, கலங்கி, தெளிந்தது. கால்தடங்களைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே அவர் பின்வாங்கி வந்தார்.

கோயிலுக்குப் போய்க் கூப்பிடவேண்டும். ஆனால் அவர் பெரியண்ணன் பக்கம் திரும்பினார்.

"எங்க காலத்துல ஆத்தா நெசமாவே தெறந்தா. இப்பத்தான் காலம் கெட்டுப்போச்சு" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "நீங்க எந்த வருசத்துலேருந்துண்ணே வெட்டுறீங்க?"

பெரியண்ணன் மண்வெட்டியைத் தட்டி, காலையில் அங்கேயே விட்டுப்போன சைக்கிளில் கட்டினார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒங்க கல்யாண வருசத்துக்கு முன்னாடியெல்லாம் ஆத்துலயே தண்ணி ஓடுச்சுங்க. அந்த வருசந்தான் வத்திப்போச்சு. பதினெட்டுக்கு மொத நாளு, சீதையம்மா தனியா வந்து, வெறும் மணலப் பாத்து அழுதுக்கிட்டு நின்னாங்க."